அணிக்கு எத்தனை வயது?

மனிதனுக்கு வயது உண்டு, மரத்துக்கும் வயது உண்டு. ஒரு கால்பந்து அணிக்கு வயது உண்டா? உண்டு என்பர் விளையாட்டுத் துறையினர். களமிறங்கும் பதினொருவரின் வயதையும் கூட்டிப் பதினொன்றால் வகுத்தால் கிடைப்பதே அணியின் சராசரி வயது. அது ஏறினால் அணி மூப்படைந்துவிட்டது என்று கழகத்தார் கவலையுறுவர். இறங்கினால் எதிர்காலம் ஒளிமயமானது என்று மகிழ்வர்.

பந்தாட்டத்தைப் பற்றிய இச்சிறு கணக்கினுள் ஓர் அறநெறிக் கேள்வி அடங்கியிருப்பதைச் சற்றே நின்று நோக்கினால் காணலாம். ஒரு குழு இளமையோடு விளங்க வேண்டுமாயின் அதிலிருந்து யாரோ சிலர் வெளியேறியாக வேண்டும். அவர்களை வெளியேற்றும் முறை நீதியானதா? அவர்தம் இடத்துக்கு வரும் இளைஞரை நாம் எதற்காக வரவேற்கிறோம்? இக்கேள்விகள் ஆடுகளத்தின் எல்லைக் கோட்டோடு நின்றுவிடுவதில்லை. தந்தையின் கடையில் அமரும் மகனும், பல்லாண்டு பாடகர் குழுவை நடத்தி வந்த பெரியவரும், அவர் பின்னே காத்து நிற்கும் இளைஞனும் இக்கேள்விக்குள் அடங்குவர். எனவே கால்பந்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

கணக்கு சொல்வதும் சொல்லாததும்

ஒருவரும் மாறாத அணியின் சராசரி வயது ஆண்டுக்கு ஒன்று வீதம் ஏறிக்கொண்டே போகும். இன்று 26 எனில், ஐந்தாண்டுகளில் 31. அச்சராசரி இருந்த இடத்திலேயே நிற்க வேண்டுமானால் ஆண்டுதோறும் மொத்தக் கூட்டலிலிருந்து பதினொரு வயதைக் கழித்தாக வேண்டும். முப்பது வயதுடைய ஒருவர் விலகிப் பத்தொன்பது வயதுடைய ஒருவர் சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். அதாவது, ஓர் அணி மாறாமல் அப்படியே இருப்பதுபோல் வெளியே தோன்றுவதற்குக்கூட ஆண்டுக்கு ஒரு மனிதனின் பிரிவு தேவைப்படுகிறது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு எண் மாறவில்லை. உள்ளே ஒருவருடைய வாழ்வு மாறிவிட்டது.

இன்னொன்றையும் காண்போம். பதினொருவரும் 26 வயதினராய் உள்ள அணியின் சராசரி 26. ஐவர் 19 வயதினர், ஐவர் 33 வயதினர், ஒருவர் 26 வயதினர் என்றிருக்கும் அணியின் சராசரியும் 26தான். முதல் அணியில் அனைவரும் ஒத்த வயதினர். ஒரே காலத்தில் வளர்ந்து, ஒரே காலத்தில் தளர்வர். இரண்டாம் அணியிலோ கற்பிக்க ஐவர் உளர், கற்க ஐவர் உளர். எண் ஒன்றே, உறவுகள் வேறு. சராசரி என்பது மனிதருக்கு இடையே நடப்பதைச் சொல்லாது. ஓர் அணியையோ, ஒரு குடும்பத்தையோ, ஒரு திருக்கூட்டத்தையோ உயிருள்ளதாக்குவது அந்த இடைவெளியில் நடப்பதே என்பது நம் துணிபு.

சென்னையின் அனுபவம்

நம் மாநிலத்துக் கழகம் ஒன்றின் வரலாறு இதற்குச் சான்றாகும். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. எட்டு அணிகள் பங்கேற்றன. மக்களை அரங்குக்கு ஈர்க்க வேண்டி, உலகப் புகழ் பெற்று ஆட்ட வாழ்வின் மாலையை எட்டியிருந்த வீரர்களை அழைத்து வந்தனர். கேரள அணியின் கோல் காவலர் டேவிட் ஜேம்ஸ் 44 வயதினர். டெல்லி அணியின் தெல் பியரோ 40ஐ எட்டிக்கொண்டிருந்தார். சென்னையின் எஃப்.சி. கழகத்துக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்தவர் இத்தாலியின் மார்கோ மத்தராசி. 2006ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் சிதான் தலையால் முட்டியது இவரைத்தான். அப்போது அவருக்கு 41 வயது. அவரோடு ஆட வந்த நெஸ்தாவுக்கு 38, சில்வெஸ்தருக்கு 37, பிரேசிலின் எலானோவுக்கு 33.

ஓய்வு பெற்றோரின் சங்கம் என்று இதனை எள்ளியவரும் உண்டு. ஆயினும் அவ்வாண்டின் முதற்சுற்றில் சென்னை அணியே முதலிடம் பெற்றது. எட்டு கோல்களுடன் எலானோவே மிகுதியாகக் கோல் அடித்தவர். அரையிறுதியில் கேரளத்திடம் தோற்ற அணி, மறு ஆண்டு, 2015 டிசம்பர் 20 அன்று, கோவாவை 3-2 என்று வென்று கோப்பையை ஏந்தியது. அவ்வாண்டு 13 கோல்கள் அடித்து முன்னின்றவர் 23 வயதுக் கொலம்பிய இளைஞர் ஸ்டீவன் மெண்டோசா.

பின்னர் விதிகள் மாறின. களத்தில் ஆறு வெளிநாட்டினர் என்றிருந்தது 2017-18 பருவத்தில் ஐந்தாகவும், 2021-22இல் நான்காகவும் குறைந்தது. புகழ்பெற்ற வீரர் ஒருவரைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் நீங்கியது. நம் நாட்டு இளைஞருக்கு இடம் பிறந்தது. 2016ஆம் ஆண்டு சென்னைக் கழகத்தில் சேர்ந்தபோது அனிருத் தாபாவுக்கும் ஜெரி லால்ரின்சுவாலாவுக்கும் வயது 18. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் இரண்டாம் முறை கோப்பையை வென்ற அணியில் 19 வயது ஜெரியும் இருந்தார், 36 வயது ஸ்பானியர் இனிகோ கால்டெரோனும் இருந்தார். இருவரும் பின்கள வீரர்கள். இருவருக்கும் இடையே பதினேழு ஆண்டுகள்.

வெற்றியின் காரணம் இந்த வயதுக் கலவையே என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அதே பயிற்சியாளரின் கீழ், பெரும்பாலும் அதே வீரர்களோடு, மறு பருவத்தில் அந்த அணி பத்து அணிகளுள் பத்தாவதாக நின்றது. வயதைக் கூட்டிக் கழித்து வெற்றியைக் கணிக்க முயல்வோருக்கு இது நல்ல பாடம். ஆனால் வேறொரு பயன் விளைந்தது. பதினெட்டு வயதில் வந்த தாபா 23ஆம் வயதில் அக்கழகத்தின் தலைவரானார். மூத்தோர் நடுவே இடம் தரப்பட்ட சிறுவன் தானே பிறரை நடத்தும் நிலைக்கு உயர்ந்தான். 2023இல் அவர் கொல்கத்தாக் கழகம் ஒன்றுக்குச் சென்றுவிட்டார் என்பது உண்மையே. வளர்த்தவன் வீட்டிலேயே கனி தங்கிவிட வேண்டும் என்ற நியதி இல்லை.

சிறுவர் மட்டுமே ஆடிய அணி

முற்றிலும் இளையோரையே கொண்ட அணி ஒன்றும் நம் நாட்டில் இருந்தது. 2018ஆம் ஆண்டின் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுகளுக்கு வீரரை ஆயத்தம் செய்யும் நோக்கில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010இல் தொடங்கிய 'இந்தியன் ஏரோஸ்' அணியே அது. 2013இல் கலைக்கப்பட்டது. 2017 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தபின் மீண்டும் உயிர் பெற்றது. அப்போட்டியில் கொலம்பியாவுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த ஜீக்சன் சிங் உள்ளிட்ட சிறுவர்கள் இவ்வணியில் ஆடினர். அவ்வாண்டு நவம்பர் 29 அன்று தம் முதல் ஆட்டத்திலேயே வயதில் மூத்த சென்னை சிட்டி அணியை 3-0 என்று வீழ்த்தி வியப்பூட்டினர். ஆனால் பருவ முடிவில் பட்டியலின் கடைசி இடமே கிட்டியது.

எனினும் அவ்வணி கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படவில்லை. அதற்கு அவ்விதியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. இது நம் சிந்தனைக்குரியது. இளையோரிடம் பொறுப்பைத் தந்துவிட்டு, முதல் தவறிலேயே தண்டிக்கும் பெரியோரை நாம் எங்கும் காண்கிறோம். தோற்றாலும் கற்கலாம் என்ற பாதுகாப்பு இச்சிறுவருக்கு இருந்தது. அவருள் சிலர் பின்னாளில் நாட்டின் முதன்மை அணிக்கே ஆடினர். ஆயினும் ஒரு குறையும் இருந்தது. ஆட்டம் கைநழுவும் வேளையில் 'பொறு, பந்தை என்னிடம் தா' என்று சொல்ல முப்பது வயது அண்ணன் ஒருவன் களத்தில் இல்லை. வெளியே நின்ற பயிற்சியாளரின் குரல் அதற்கு ஈடாகாது. 2022இல் அவ்வணி மீண்டும் கலைக்கப்பட்டது.

வியன்னாவில் ஒரு மாலை

இரு தலைமுறையும் ஒரே களத்தில் கைகோத்த காட்சியைக் காண நாம் ஐரோப்பா செல்ல வேண்டும். 1995 மே 24 அன்று வியன்னா நகரில் ஐரோப்பியக் கழகங்களுக்கான இறுதியாட்டம். ஒருபுறம் மிலான், மறுபுறம் தன் சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த இளைஞர் நிறைந்த ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, மாற்று ஆட்டக்காரராய் வந்த 18 வயது பாட்ரிக் கிளைவர்ட் வெற்றிக் கோலை அடித்தார். இளைஞர் அணியின் வெற்றி என்று உலகம் கொண்டாடியது.

ஆனால் அப்பந்தைக் கிளைவர்ட்டிடம் சேர்ப்பித்தவர் யார்? 32 வயதான பிராங்க் ரைக்கார்ட். இளமையில் அயாக்ஸில் ஆடி, பின் அதே மிலானில் ஐந்தாண்டுகள் புகழுடன் ஆடித் தாய்க்கழகத்துக்குத் திரும்பியவர். அணித் தலைவர் டானி பிளைண்டுக்கு வயது 33. அப்பருவத்தோடு ரைக்கார்ட் ஓய்வு பெற்றார். தமக்குத் தெரிந்ததையெல்லாம் இளையோரிடம் ஒப்படைத்து, அவர்கள் வெற்றி பெறுவதைக் கண்ணாரக் கண்டு, தாமே விலகினார்.

தோற்ற மிலானும் பின்னொரு நாள் வென்றது. 2007இல் ஏதென்சில் அதே கோப்பையை உயர்த்தியபோது அதன் தலைவர் மல்தீனிக்கு 39 நிறைய ஒரு மாதமே இருந்தது. ஆகவே இளமை வெல்லும் என்பதும் பொதுவிதி அன்று. முதுமை வெல்லும் என்பதும் அன்று.

அயாக்ஸின் இளைஞர் கூட்டம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய போஸ்மான் தீர்ப்பின்படி, ஒப்பந்தம் முடிந்த வீரர் விலையின்றி வேறு கழகம் செல்லலாம் என்றாயிற்று. வீரனைக் கட்டிவைத்த சங்கிலி அறுந்தது; அது நீதியே. அதே வேளையில், இளம் வீரனை வாங்கி விலையேறியபின் விற்கும் வணிகமும் பெருகியது. குறைந்த சராசரி வயது என்பது இன்று பல கழகங்களில் ஒரு நம்பிக்கையின் பெயராக இல்லை. விற்பனைச் சரக்கின் தரக்குறியீடாகவே உள்ளது. இங்கேதான் நாம் விழிப்படைய வேண்டும்.

பொய்யான வயது

இளமைக்கு விலை ஏறும்போது வயதைக் குறைத்துச் சொல்லும் ஆசையும் ஏறுகிறது. சிறுவர் போட்டிகளில் வயது ஏமாற்று என்பது உலகெங்கும் உள்ள நோய். நம் நாடும் விலக்கன்று. 2009ஆம் ஆண்டு முதல் உலகக் கால்பந்துச் சம்மேளனம் 17 வயதுக்குட்பட்டோர் போட்டியில் மணிக்கட்டைக் காந்த அதிர்வுக் கருவியால் படம் பிடித்துச் சோதிக்கிறது. அங்குள்ள எலும்பின் வளர்முனை முற்றும் இணைந்திருந்தால் அவன் பெரும்பாலும் அவ்வயதைக் கடந்தவன் என்று கொள்வர். தாளில் எழுதிய எண்ணை நம்ப இயலாமல் எலும்பைக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டோம்!

பங்குப் பணியாளருக்கு இது அந்நியமான செய்தியன்று. திருமுழுக்குப் பதிவேட்டில் பிறந்த நாளும் திருமுழுக்குப் பெற்ற நாளும் அருகருகே எழுதப்படுகின்றன. பிறப்புப் பதிவு பரவலாகாத காலத்தில் அப்பதிவேடே வயதுக்குச் சான்றாய் நின்றது. பள்ளியில் சேர்த்த நாளில் யாரோ எழுதிய ஜூன் மாதப் பிறந்தநாளோடு வாழ்ந்து முடித்தவர் நம் முன்னோருள் பலர். அதில் வஞ்சகம் இல்லை. ஆனால் 'சாமி, ஓராண்டுதானே, குறைத்து எழுதித் தந்தால் பையன் தேர்வாகிவிடுவான்' என்று கெஞ்சும் தந்தையின் நிலை வேறு. அவர் தீயவரல்லர், மகனின் எதிர்காலத்தை நினைந்து தவிப்பவர். எனினும் அவர் கேட்பது இருவருக்கு அநீதி. உண்மை வயதோடு வரிசையில் நிற்கும் வேறொரு ஏழைச் சிறுவனின் இடம் பறிபோகிறது. தன் மகனோ தன்னைப் பற்றிய முதல் உண்மையையே மறைத்து வாழ வேண்டியவனாகிறான். வளர்ந்தோரின் பேராசைக்குச் சிறுவனின் பிறந்தநாளே காணிக்கையாகிறது.

வெளியேறுபவருக்கு உரியது யாது?

இனி எதிர்வாதம் ஒன்றைக் கேட்போம். 'கழகம் அறச்சாலை அன்று. கால் தளர்ந்தவரை இரக்கத்துக்காகக் களத்தில் நிறுத்தினால் மற்றப் பத்துப் பேருக்கும் இழப்பு. காத்திருக்கும் இளைஞனுக்கும் அநீதி.' இவ்வாதத்தில் உண்மை உண்டு. மூத்தவர் என்பதாலேயே ஓர் இடம் ஒருவருக்கு உரியதாகிவிடாது. நம் திருச்சபைச் சட்டமும் 75 வயது நிறைவுற்ற ஆயரையும் பங்குக் குருவையும் விலகல் கடிதம் அளிக்கக் கேட்கிறது. 80 வயதைக் கடந்த கர்தினால்மார் திருத்தந்தையைத் தேர்ந்தெடுப்பதில்லை என்று 1970இல் ஆறாம் பவுல் விதித்தார். 2013இல் பதினாறாம் பெனடிக்ட் தம் 85ஆம் வயதில் தாமே பதவி துறந்தார். ஆகவே விலகுதல் இழிவன்று.

நீதி என்பது அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளித்தல் என்று குருமடத்தில் நாம் கற்றோம். அப்படியாயின் விலகுபவருக்கு உரியது யாது? களத்தில் அவர் நின்ற இடம் அவருக்கு உரியதன்று. ஆனால் உண்மை அவருக்கு உரியது: இனி உம்மைத் தேர்ந்தெடுக்கமாட்டோம் என்பதை நேரில், காலத்தே சொல்லும் சொல். அவர் கற்றதைக் கற்பிக்கும் வாய்ப்பு அவருக்கு உரியது. உழைத்த காலத்தில் உற்ற காயத்துக்கு மருத்துவம் அவருக்கு உரியது. அவரோடு சேர்ந்து வென்றதை மறவாதிருக்கும் நன்றி அவருக்கு உரியது. இவற்றைத் தராமல் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுதல் எண்ணைச் சரிசெய்யும், நீதியைச் சரிசெய்யாது.

இது முப்பது கடந்தவர்க்கு மட்டும் நேர்வதன்று. குமரிக் கடற்கரையின் இரவிபுத்தன்துறையிலிருந்து எழுந்து வந்த மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் தம் 26ஆம் வயதில், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயமுற்று அப்பருவம் முழுவதையும் இழந்தார். ஆட்ட வாழ்வின் உச்சமெனக் கணக்குகள் காட்டும் வயது அது. கால்பந்து வீரனின் உடல் ஒரு நொடியில் முதுமையடையக்கூடும். பதினெட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டு இருபத்தொன்றில் கைவிடப்படும் சிறுவர் எத்தனை பேர்! படிப்பையும் விட்டுவிட்டு வந்த அவன், இளைஞர் வரிசையிலும் சேராமல், தேர்ந்தோர் வரிசையிலும் சேராமல் ஊர் திரும்புகிறான். சராசரி வயதைக் குறைக்க அவனை அழைத்த கழகம் அவன் வாழ்வின் மிச்சத்தைப் பற்றி ஒரு சொல்லேனும் சிந்தித்ததா? 1981இல் உழைப்பைப் பற்றிச் சுற்றுமடல் வரைந்த இரண்டாம் ஜான் பால், தம் இளமையில் கோல் காவலராய் நின்று பந்தாடியவர். உழைப்பின் மதிப்பு, உழைக்கும் மனிதனின் மாண்பிலிருந்தே பிறக்கிறது என்பது அம்மடலின் மையக் கருத்து. உழைப்பாளிக்குப் பொருந்துவது ஆட்டக்காரனுக்கும் பொருந்தும்.

பாவு பிணைத்தல்

நாம் வாழும் அம்மாபேட்டை நெசவாளர் ஊர். இங்குத் தறிக்குழியில் அமர்ந்திருப்போரின் வயதைக் கூட்டி வகுத்தால் என்ன வரும் என்று எவரும் கணக்கிட வேண்டியதில்லை; கண்ணாடி அணிந்த முகங்களே விடை சொல்லும். அவர்தம் மக்கள் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் கணிப்பொறி அலுவலகங்களுக்கும் சென்றுவிட்டனர். வருவாய் போதாத தொழிலில் மகனைக் கட்டிப்போட எந்தத் தந்தைக்கும் மனம் வராது. அவரைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. கால்பந்துக் கழகத்தில் முதியோர் தள்ளப்படுகின்றனர் என்றால், இங்கே இளையோர் வராததால் முதியோர் தனித்து விடப்பட்டுள்ளனர். இரண்டிலும் நேர்ந்த இழப்பு ஒன்றே: ஒரு கை இன்னொரு கைக்குத் தருவது நின்றுவிட்டது.

அந்நெசவாளர் செய்யும் ஒரு வேலை இங்கே நினைவுகூரத் தக்கது. தறியில் பழைய பாவு முடியுமுன், புதிய பாவின் இழைகளை அதன் முனைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பர். ஆயிரக்கணக்கான இழைகள், பொறுமை வேண்டும் வேலை. பழையதை முற்றிலும் அறுத்தெறிந்துவிட்டால் ஒவ்வோர் இழையையும் விழுதிலும் அச்சிலும் முதலிலிருந்து கோக்க நேரும். பழைய இழை தறியில் இருக்கும்போதே புதியது சேர்ந்தாக வேண்டும்.

சாமுவேலின் கதையில் இதுவே நடந்தது. இரவில் அழைத்த குரலைக் கேட்டவன் சிறுவன். அது யாருடைய குரல் என்று உணர்ந்து சொன்னவர் பார்வை மங்கிய ஏலி. கேட்கும் செவி இளையவனிடமும் பொருள் அறியும் மனம் முதியவரிடமும் இருந்தன. ஏலியை முன்னரே ஒதுக்கியிருந்தால் சாமுவேல் மீண்டும் படுத்து உறங்கியிருப்பான்.

அன்புக்குரிய வாசகரே, நம் பங்குப் பேரவையிலும் பாடகர் குழுவிலும் பக்த சபைகளிலும் வயதைக் கூட்டி வகுத்துப் பார்ப்பது தவறன்று. கூடியிருந்தால் இளைஞரை அழைக்கத்தான் வேண்டும். ஆனால் அழைக்கும் நாளிலேயே இரு வினாக்களையும் எழுப்புவோம். வருகிறவனுக்குத் தவறு செய்து கற்க இடம் தந்திருக்கிறோமா, அன்றி எண்ணிக்கைக்காகவே அழைத்தோமா? விடைபெறுகிறவரிடம் நேரில் சென்று உண்மையையும் நன்றியையும் சொன்னோமா, அன்றி அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பாமலே விட்டுவிட்டோமா? மூத்தோரும் தம்மை ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: நாம் அறிந்ததை யாரிடம் ஒப்படைத்திருக்கிறோம்? இந்த ஆண்டு முடியுமுன் ஓர் இளைஞனையேனும் அருகில் அமர்த்திக்கொண்டால், பின்னர் எழுந்து செல்வது எளிதாகும்.